காந்தத்தில் ஒட்டியது

கலெக்டர் ஆபீஸைத் தாண்டிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. அண்ணன் வீட்டு வாசலில் கிடந்த முப்பது ஜோடிகளுக்குள் என்னுடையதைத் தேடாமல் வந்துவிட்டிருக்கிறேன். திரும்பிப் போய் எடுக்க மனமில்லை. அன்று பௌர்ணமி. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் வேலூர் சாலை முழுக்க ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு. என் தலையும் மழித்திருந்தது. தோளில் ஒரு துணிப்பை. பார்க்கிறவர்களுக்கு நான் மலை சுற்ற வந்த வேண்டுதல்காரன். தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒருவர், "சாமி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

உண்மையில் நான் ஓடிப்போய்க்கொண்டிருந்தேன். ஊரைக் கடந்து அந்தப் பக்கம் போய், எந்த ஊர்ப் பேருந்து முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிவிடுவது என்பதுதான் திட்டம். இது எனக்குப் பழக்கம். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து செங்கல் சூளை, லாரி கிளீனர், ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, பழைய இரும்புக் கிடங்கு என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுசாகத் தங்கியதில்லை. வேலை கஷ்டம் என்று விட்டது கம்மி. இருக்கிற இடத்தில் யாராவது என்னை நம்ப ஆரம்பித்தால் கிளம்பிவிடுவேன்.

அன்று காலை அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம். அவன் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் தேடுதலுக்குப் போன இடத்தில் நெஞ்சில் குண்டு பாய்ந்து இறந்தான். கொடி போர்த்திய பெட்டியில் வந்தான். அவனுக்கு ஒரே மகள், கல்லூரி விடுதியில் படிக்கிறாள். அதனால் கொள்ளி வைத்தது நான். சுடுகாட்டில் வீரர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அது வெற்றுத் தோட்டா. முன்னால் குண்டு இருக்காது, சத்தம் மட்டும்தான். என் காலடியில் விழுந்த பித்தளைக் கூட்டைக் குனிந்து எடுத்தேன். இரும்புக் கிடங்கில் வேலை பார்த்த கை, பித்தளையைக் கண்டால் தானாகப் போகும். ஒரு வீரர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். எத்தனை சுட்டார்களோ அத்தனை கூட்டையும் திரும்ப ஒப்படைக்க வேண்டுமாம். அண்ணன் எரிந்துகொண்டிருந்தபோது அவர்கள் புல்லுக்குள் கூடு தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. அண்ணனும் எத்தனையோ சாவுகளில் அப்படித் தேடியிருப்பான்.

காரியத்துக்கு அண்ணனின் கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர், அதே படைப்பிரிவு, அண்ணன் மேல் குண்டு பட்டபோது பத்தடி தள்ளி இருந்தவர். விடுப்பு கிடைத்து அன்று காலைதான் ஊருக்கு வந்து, நேராக எங்களிடம் வந்தார். பந்தலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் அண்ணி வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு அந்தக் குண்டு தாங்கற ஜாக்கெட்டப் போட்டுனுதான இருந்தாரு?"

"போட்டுனுதாம்மா இருந்தாரு. நாந்தான் பின்னாடி பட்டைய இழுத்துக் கட்டிவுட்டேன்."

"உள்ள தகடு?"

"இருந்துச்சும்மா."

"அப்புறம் எப்பிடிண்ணா?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "நேரம்மா" என்றார்.

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "நேரம் இன்னா நேரம்? போன வருஷமே பென்ஷன் வாங்கினு வூடு வந்து சேந்திருக்க வேண்டியவன். இன்னும் ரெண்டு வருஷம் இரு, சுபேதாரா வா, மேல் மாடி கட்டுன்னு யாருக்கு ஆசை? கையெழுத்துப் போடுங்கன்னு போன்ல சொன்னது யாரு? எங்க காதுல வுழலன்னு நெனச்சியா?"

அண்ணி பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாந்தான் அத்தை சொன்னேன்" என்றாள். "நாந்தான் சொன்னேன்."

நான் சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றிருந்தேன். அவளை அப்படிச் சொல்ல வைத்தவன் நான். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும், அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் வடக்கே இருந்தேன். ராணுவப் பயிற்சிக்கான சுடுதளம் ஒன்றின் மண்மேட்டை எங்கள் கிடங்குக்காரர் ஏலத்தில் எடுத்திருந்தார். வருடக்கணக்காக வீரர்கள் பழகிச் சுட்ட குண்டுகள் அந்த மண்ணுக்குள் கிடந்தன. மண்ணை வலையில் சலிப்போம். வலையில் நிற்பதை மேசையில் பரப்பி மேலே காந்தத்தை ஓட்டுவோம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. அது குப்பை, ஓரத்துக் குவியலுக்குப் போகும். ஒட்டாமல் கிடப்பது ஈயமும் செம்பும். அதுதான் சரக்கு. நாள் முழுக்க இதே வேலை. ஈயத்தூள் பட்டு வாயெல்லாம் ஒரு மாதிரி இனிக்கும். இரண்டு பேர் வயிற்றுவலியோடு ஊருக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை.

குண்டுகள் மண்ணில் பட்டதற்கே நசுங்கி, காளான் குடைபோல் விரிந்து கிடக்கும். அழகாக இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கைப்பிடி பிஸ்கட் கவரில் போட்டு எடுத்துவந்தேன்.

அது தீபாவளி சமயம். அண்ணன் ஊரில் இல்லை. பணியை இரண்டு வருடம் நீட்டிக்க விருப்பமா என்று அவனிடம் கேட்டிருந்தார்கள். நீட்டித்தால் சுபேதாராக வாய்ப்பு உண்டு. அவனுக்கு ஆசை. அண்ணிக்குப் பயம். அவள் சரி சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தான். அவள் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"தம்பி, நீ பத்து ஊரு பாத்தவன். அந்த ஜாக்கெட்டு நெஜமாவே தாங்குமா?"

அந்த வீட்டில் யாரும் என்னிடம் அதுவரை ஒரு விஷயத்துக்கும் யோசனை கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கவரை எடுத்துவந்து தட்டில் கொட்டினேன்.

"இதெல்லாம் மிலிட்டரிக் குண்டு அண்ணி. நானே மண்ணுலேந்து எடுத்தது. மண்ணுல பட்டதுக்கே இந்தக் கதி. இரும்புத் தகட்டுல பட்டா அப்பளம்தான்."

ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினாள். கோடு விழுந்தது. "அட, நகம் பதியுது பாரு!" என்று சிரித்தாள். அன்றைக்கே போனில் அண்ணனிடம், "சரி, போடுங்க. தம்பி எல்லாத்தையும் காட்டுச்சு, எனக்குப் பயம் போச்சு" என்றாள். அதைத்தான் அத்தை பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறது, பாதியை மட்டும்.

மலை சுற்றும் பாதையில், ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் யாரோ பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கூட்டாளிதான். வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு, மூச்சிரைக்க வந்திருந்தார்.

"இன்னாடா, சாம்பார் ஊத்தறவன் பாதியில ஓடிட்டா ரசத்துக்கு நான் எங்க போறது?"

என்னால் சிரிக்க முடியவில்லை. பேருந்து பிடிக்கப் போகிறேன் என்றேன்.

"நான் அவனுக்காக மலை சுத்தறதா வேண்டியிருக்கேன். கூட வா."

"நான் ஒரு வருஷத்துக்கு சுத்தக் கூடாதுண்ணா. கொள்ளி வெச்சவன்."

"சுத்தாத. பேச்சுத் துணைக்கு வர்றேன்னு நெனச்சுக்கோ. அதுக்கெல்லாம் சாமி ஃபைன் போடாது."

நடந்தோம். பெரிய கோபுரத்துப் பக்கம் கூட்டம் நெருக்கியது. நாலைந்து தெருவைக் கடந்து செங்கம் சாலைக்கு வந்த பிறகுதான் தோளை இடிக்காமல் நடக்க முடிந்தது. அங்கே வைத்துத் தீபாவளிக் கதையை அவரிடம் சொன்னேன். குண்டு ஈயம்தானே, ஈயம் எப்படித் தகட்டைத் துளைக்கும் என்று கேட்டேன்.

"ஈயம் மட்டும்தான்னு யார்ரா உனக்குச் சொன்னது?"

"நானே பாத்தேன்ணா. மூட்டை மூட்டையா."

"நீ பாத்தது நம்ம பசங்க பழகற எடம். அங்க சுடறது மண்மேட்ட. மண்மேடு இன்னா ஜாக்கெட்டா போட்டுனு நிக்குது?"

அவர் ஆயுதப் பயிற்சி கொடுத்தவர். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிற பாடத்தை நடந்துகொண்டே எனக்கும் சொன்னார். ஆதியில் குண்டு என்பது வெறும் ஈய உருண்டை, நெல்லிக்காய் அளவு. வெடிமருந்தின் வேகம் கூடக் கூட, ஈயம் துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே இழைந்து ஒட்டிக்கொண்டது. அதனால் அதற்குச் செம்புச் சட்டை போட்டார்கள். பிறகு மூக்கைக் கூராக்கினார்கள். முதல் உலகப்போரில் எதிரி இரும்புக் கேடயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சுட்டபோது ஈயம் பட்டு நசுங்கியது. அப்போதுதான் செம்புச் சட்டைக்குள் கெட்டி எஃகை வைத்தார்கள். பிறகு வந்த டாங்கியின் இரும்புத் தோல் தடித்துப்போனதும் ரைபிள் குண்டு அதோடு போட்டி போடுவதை விட்டது. எதிரே நிற்கிற வீரனுக்கு ஈயமே போதுமானதாக இருந்தது. அவன் உடம்பில் இருந்தது துணிச் சட்டைதானே. த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் காலம் அப்படிப் போனது. அதற்குப் பின்னால் வந்த செவன் சிக்ஸ் டூவின் காலமும் பெரும்பாலும் அப்படித்தான்.

"அப்புறம் மனுஷனும் தகடு மாட்ட ஆரம்பிச்சான். நம்ம சட்டை தடிக்கத் தடிக்க அவன் குண்டோட மூக்கு கெட்டியாயினே போச்சு. இவன் ஒரு படி ஏறுனா அவன் ஒரு படி. முடிவே கெடையாது."

கொஞ்ச தூரம் போனதும் அவரே திரும்பிக் கேட்டார். "ஆமா, இப்ப நாம சுடற சின்னக் குண்டு இருக்குதே, ஃபைவ் ஃபைவ் சிக்ஸ், அதுல ஒரு ரகத்துக்கு ஈயத்துக்கு முன்னாடி மூக்குல மட்டும் துளியூண்டு எஃகு வெச்சிருப்பான். தூரத்துல இருக்கற ஹெல்மெட்ட ஓட்ட போடறதுக்கு. உன் காந்தத்துல ஒண்ணும் ஒட்டலையா?"

ஒட்டியது. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு அம்மாள் என் குதிகாலில் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போனாள்.

நெல்மணியைவிடக் கொஞ்சம் தடியாக, ஒரு முனை கூராக, சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். நாள் முழுக்கக் காந்தத்தில் வந்து ஒட்டும். உடைந்த ஆணி முனை என்று நினைத்து ஓரத்துக் குவியலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை ஒன்று விரலில் ஏறியது. பிடுங்கி, கோபத்தில் அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். அரம் சரியாகப் பிடிக்காமல் வழுக்கியது. என்னடா இவ்வளவு கெட்டியான ஆணி என்று ஒரு நிமிடம் நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கிடங்கில் இரும்பைப் பற்றிக் கேட்பவன் இல்லை, அது விலை போகாத சாமான். நசுங்காமல் இருந்ததையெல்லாம் என் கையாலேயே குப்பையில் போட்டுவிட்டு, நசுங்கியதை மட்டும் அழகாக இருக்கிறது என்று பொறுக்கி அண்ணிக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறேன்.

"அண்ணனுக்கு வந்தது எது?"

அவர் பக்கத்துப் பந்தலில் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "தகட்டுக்கும் தரம் இருக்குதுடா. ஈயத்த நிறுத்தறது ஒண்ணு. ஏகே குண்டுல சாதா இரும்பு இருக்கும், அத நிறுத்தறது ஒண்ணு. கெட்டி எஃகையும் நிறுத்தறது ஒண்ணு, அது வெயிட் ஜாஸ்தி, எல்லாருக்கும் வந்து சேரல. அவன் போட்டுனு இருந்தது நடு ரகம். அன்னிக்கி வந்தது கெட்டி எஃகு. செம்பும் ஈயமும் தகட்டு மேலயே நின்னுடுச்சு. உள்ள இருந்த எஃகு மட்டும், நீ பாத்ததவிட நீளமானது, தனியா போயிருக்குது. ஓட்டை எவ்ளோன்ற? பென்சில் வுடலாம், அவ்ளோதான்."

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாம? என்னோட ஒரே வகுப்புல உக்காந்தவன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தீபாவளியன்னிக்கி போன வெச்சிட்டு எங்கிட்ட வந்து சிரிச்சான். 'என் தம்பி ஈயத்தக் காட்டியே என் பொண்டாட்டிய சமாதானம் பண்ணிட்டான்டா, அவனுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரணும்'னு. அவனுக்கு சுபேதார் ஸ்டார் மேல ஆசை. நீ சொன்னது பொய்னு அவன் ஏன் சொல்லப்போறான்?"

எமலிங்கம் வந்திருந்தது. கற்பூரப் புகையில் கண் எரிந்தது. அவரிடம், நான் காட்டியது தப்பான சாமான் என்று நீங்களே அண்ணியிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க. நீ போய் அத்தினி பேர் முன்னாடி சொன்னாத்தான் உங்க அத்தை வாய மூடும். அந்தப் பொண்ணு இனிமே ஒவ்வொரு கல்யாணத்துலயும் சாவுலயும் அந்தப் பேச்சக் கேட்டுனே இருக்கணுமா? நீ பஸ்ஸு ஏறிடுவ. அவ எங்க ஏறுவா?"

அவரை மலை சுற்ற விட்டுவிட்டு நான் திரும்பினேன். மலை சுற்றுகிற வழியில் எதிர்த்திசையில் யாரும் நடக்கமாட்டார்கள். "சாமி, எதிர்ல வராதீங்க", "கண்ணு தெரியல?", "பாதியில திரும்பக் கூடாதுப்பா" என்று வழி நெடுக வாங்கிக் கட்டிக்கொண்டே வந்தேன். அண்ணன் வீடு இருக்கும் வேங்கிக்கால் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தையும் உறவுப் பெண்களும் முன்னறையில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி சுவரில் சாய்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அத்தை, கையெழுத்துப் போடச் சொன்னது அண்ணி இல்ல. சொல்ல வெச்சது நானு. ஜாக்கெட்டு தாங்கும்னு பொய்யா ஒரு சாமானக் காட்டினேன். அவங்க வேணாம்னுதான் இருந்தாங்க."

"நீ இன்னாடா காட்டுன?"

சொன்னேன். கிடங்கு, சல்லடை, காந்தம், ஓரத்துக் குவியல், எல்லாம். பெண்களுக்குப் பாதி புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. "படிக்காத தறுதல, உன்னப் போய்க் கேட்டா பாரு" என்றது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. அண்ணனை வளர்த்தது அதுதான்.

அண்ணன் தெரிந்தே சிரித்தான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பாரம் பாதி இறங்கியிருக்கும். அதை அண்ணியின் தலையில் இறக்குவதற்கா நான் திரும்பி வந்தேன்?

அண்ணி சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த எஃகு எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று கேட்டாள்.

சுண்டு விரலின் நகத்தைக் காட்டினேன். "இவ்ளோதான் அண்ணி, நான் தூக்கிப் போட்டது. அண்ணனுக்கு வந்தது இன்னும் நீளம்னு அவரு கூட்டாளி சொன்னாரு."

"அவ்ளோதானா" என்றாள். என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பஸ்ஸு ஏறத்தான போன?"

"ஆமா அண்ணி."

"இனிமே போவாத. இங்க இருக்கறவங்க கேட்டுட்டாங்க. நாளைக்கி எங்க அம்மா வூட்டுல கேப்பாங்க. காலேஜ்லேந்து வந்து எம்பொண்ணு கேப்பா. ஒவ்வொருத்தருக்கும் என்னால சொல்லினு இருக்க முடியாது. நீதான் சொல்லணும். எங்க தங்குவியோ தங்கு, இந்த ஊர்லயே இரு."

சரி என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

அன்றிரவு மொட்டை மாடியில் படுத்தேன். பொழுது விடிந்ததும் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வேலை கேட்கப் போனேன். பௌர்ணமிக்கு மறுநாள் மலை சுற்றும் பாதையில் குப்பை மலையாகக் கிடக்கும். அதைக் கூட்டி அள்ள கூலிக்கு ஆள் எடுப்பார்கள். அபய மண்டபத்துப் பக்கம் ஒரு மேஸ்திரி நோட்டோடு நின்றிருந்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "நேத்து சுத்துன சாமியா? ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காசு இல்லயா?" என்று சிரித்தார். இந்த ஊர்க்காரன்தான் என்றேன்.

"இது ஒரு நாள் வேலதான். அடுத்த பௌர்ணமிக்கும் ஆள் வேணும். இருப்பியா, எங்கனா போயிடுவியா?"

"இருப்பேன்" என்றேன். அவர் ஒரு துடைப்பத்தையும் கோணிப்பையையும் கொடுத்து, பாக்குமட்டைத் தட்டு தனியாக, பிளாஸ்டிக் டம்ளர் தனியாகப் போடச் சொன்னார். குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.